வாங்கும் முன் கணக்கு, சாவி கொடுக்கும் முன் எழுத்து: வாடகைச் சொத்து உரிமையாளருக்கான முழுமையான வழிகாட்டி

வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "விலை ஏறுமா?" என்ற ஒரே கேள்வியைத்தான். வாங்கி ஓராண்டு கழிந்த பின் அவரே கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்: மாதம் தவறாமல் வாடகை வந்தும் கையில் ஏன் எதுவும் மிஞ்சவில்லை, குளியலறைக் கசிவுக்கு யார் பணம் தர வேண்டும், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தவரை என்ன செய்வது, முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு அவை எழும் நாளில் நல்ல விடை கிடைப்பதில்லை. வாங்குவதற்கு முன் போடும் கணக்கிலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் எழுதிக்கொள்ளும் எழுத்திலுமே விடை அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி காலவரிசையில் செல்கிறது. முன்கட்டங்களில் சற்று அதிக நேரம் நிற்கிறது. வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் நகரத்துக்கு நகரம் மாறுவதால், இங்கே சொல்லப்படும் எதையும் கையெழுத்தாக்கும் முன் அந்தந்த இடத்துச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.

1. மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு

சொத்தின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணத்துக்கும் இது பொருந்தும். மாத வாடகை அரைப் பங்கு என்றால் ஆண்டுக்கு 6 பங்கு வரும். விற்பவரும் தரகரும் "6 விழுக்காடு வருமானம்" என்று சொல்வது இதைத்தான். ஆனால் வாங்குபவரின் செலவு 100 பங்கோடு நிற்பதில்லை. முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், தரகு, குடிவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய பழுதுவேலை ஆகியவை சேர்ந்து மேலும் 8 பங்கு ஆனதாகக் கொண்டால், முதலீடு 108 பங்கு.

வரவுப் பக்கத்திலும் கழிவுகள் உண்டு. ஒருவர் காலி செய்து அடுத்தவர் குடிவரும் இடைவெளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக அரை மாத வாடகை, அதாவது 0.25 பங்கு, பராமரிப்புக்குச் சொத்தின் விலையில் 1 விழுக்காடு, அதாவது 1 பங்கு, சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து 0.5 பங்கு, வீட்டை மேற்பார்வை செய்பவருக்கு 0.45 பங்கு. மொத்தக் கழிவு 2.2 பங்கு. மிஞ்சுவது 3.8 பங்கு, அதை 108-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.5 விழுக்காடு. வருமான வரி இன்னும் கழிக்கப்படவில்லை. விளம்பரத்தில் 6 என்று நின்ற எண், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்றரையாகச் சுருங்கிவிடுகிறது. எண்கள் இடத்துக்கு இடம் வேறுபடும். சுருங்கும் விதம் வேறுபடாது.

இந்தக் கணக்கைக் காட்டினால் வழக்கமாக இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, "மேற்பார்வைக்கு ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்" என்பது. பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது அந்த 0.45 பங்கு உங்கள் உழைப்புக்கான கூலியே தவிர, முதலீட்டின் வருமானம் ஆகாது. இரண்டாவது, "புது வீட்டுக்குப் பராமரிப்பு எதற்கு?" என்பது. முதல் சில ஆண்டுகள் உண்மையில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பிறகு மொட்டைமாடி ஒழுக்கு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, வெளிச்சுவர் வண்ணம் என்று எல்லாம் ஒரே ஆண்டில் வந்து நிற்கும். ஆண்டுக்கு 1 விழுக்காடு என்பது தோராயமான கட்டைவிரல் கணக்குத்தான். பழைய கட்டடத்துக்கு அது போதாது. எனினும் அந்தத் தொகையைச் செலவு இல்லாத ஆண்டிலும் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பவரே பழுது வரும் நாளில் கடன் வாங்காமல் தப்பிக்கிறார்.

மாத வாடகை விலையில் 1 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க முதலீட்டாளர்களிடையே ஒரு விதி புழங்குகிறது. விலை உயர்ந்துவிட்ட பெருநகரங்களில் அப்படிப்பட்ட சொத்தைக் காண்பதே அரிது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு தேடினால், ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்க வேண்டிய சொத்துகளிடமே போய்ச் சேர்வீர்கள்.

காலியாக இருக்கும் மாதம் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தால் ஆண்டு வாடகையில் 8.33 விழுக்காடு போகிறது. வாடகையை 5 விழுக்காடு கூட்டிக் கேட்பதால் வீடு ஒரு மாதம் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தால், அந்த இழப்பை ஈடுகட்ட அடுத்து வருபவர் கூட்டிய வாடகையில் 20 மாதம் குடியிருக்க வேண்டும். அவர் 11 மாதத்தில் காலி செய்தால், பிடிவாதத்தால் இழந்ததே மிச்சம். சந்தை வாடகைக்குச் சற்றுக் கீழே நிர்ணயித்து, விண்ணப்பிக்கும் பலருள் நல்லவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பெறுவது, பெரும்பாலான சமயங்களில் கூடுதல் இலாபம்.

2. கடன் வாங்கி வாங்கலாமா?

அதே சொத்துக்கு 70 பங்கைக் கடனாக, 8 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 0.586 பங்கு, ஆண்டுக்கு 7.03 பங்கு. சொத்து தருவதோ 3.8 பங்கு. ஆக, ஆண்டுக்கு 3.2 பங்குக்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். 20 ஆண்டுகளில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை கடனைப் போல இரு மடங்கு. வாடகையே கடனை அடைத்துவிடும் என்ற பேச்சை நம்புமுன் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும். வாடகைச் சொத்துக்குக் கடன் தரும் வங்கிகள் நிகர வருமானத்தைத் தவணையால் வகுத்து, விடை 1.2 அல்லது 1.25-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். மேற்சொன்ன சொத்தில் அந்த விடை 0.54 மட்டுமே.

முதலாண்டுத் தவணையில் சுமார் 1.5 பங்கு அசலுக்குப் போகிறது. அது உங்கள் சேமிப்பே. மீதிப் பற்றாக்குறை ஏறத்தாழ 1.75 பங்கு. 108 பங்கில் கடன் 70 போக, சொந்தமாகப் போட்ட 38 பங்கை வேறெங்காவது 6 விழுக்காட்டில் வைத்திருந்தால் 2.28 பங்கு வந்திருக்கும். இரண்டையும் கூட்டினால், முதலாண்டில் சொத்தின் விலை 4 விழுக்காடு ஏறினால்தான் வைப்புத்தொகைக்குச் சமமாகும். வாங்கும்போது செலவான 8 பங்கை மீட்பது அதற்கும் மேலே. இதனால் வாங்கவே கூடாது என்பதல்ல. வாங்குபவர் வாடகையை நம்பி வாங்குகிறாரா, விலையேற்றத்தை நம்பி வாங்குகிறாரா என்பது அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். விலையேற்றம் உறுதியளிக்கப்பட்ட ஒன்றல்ல: ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் சரியத் தொடங்கிய நகர்ப்புற நில விலை பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சரிந்துகொண்டே போயிற்று, அமெரிக்காவில் 2006-க்குப் பின் விழுந்த வீட்டு விலை 2012 வாக்கில்தான் மீளத் தொடங்கியது.

வட்டி மாறக்கூடிய கடனாக இருந்தால் இன்னொரு சோதனையும் தேவை. 8 விழுக்காடு 10 ஆனால் அதே கடனின் தவணை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும். அந்தத் தவணையையும், மூன்று மாதம் வாடகையே வராத நிலையையும் ஒருசேரத் தாங்க முடியுமா என்று பாருங்கள். ஆறு மாதத் தவணைக்குரிய பணம் கையிருப்பில் இல்லாதவர் கடனில் வாடகைச் சொத்து வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் முதலிட விரும்பியும் குடியிருப்பவரோடும் குழாய்க்காரரோடும் பேச விருப்பமில்லாதவருக்கு வேறு வழி இருக்கிறது. பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களில் முதலிட்டு, வரும் வாடகையைப் பகிர்ந்தளிக்கும் முறை அது. அமெரிக்க நாடாளுமன்றம் 1960-இல் சட்டமாக்கிய, ரெய்ட் என்னும் இந்த நிலச்சொத்து முதலீட்டு அறக்கட்டளை முறையை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன் பங்குகளைச் சிறு தொகைக்கும் வாங்கலாம்.

3. பத்திரங்களைப் பார்த்தல்

சில நாடுகளில் அரசுப் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தால் அதுவே உரிமைக்கு உறுதி. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டாரன்ஸ் முறை இத்தகையது. வேறு சில நாடுகளில் பதிவு அலுவலகம் பத்திரம் எழுதப்பட்டதை மட்டுமே பதிகிறது; எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. நீங்கள் வாங்கும் இடம் எந்த வகை என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. இரண்டாம் வகையாக இருந்தால் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் வழக்கறிஞர் கோத்துப் பார்க்க வேண்டும்; சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அங்கேதான் வழக்கு முளைக்கும்.

அடமானம், நீதிமன்றத் தடை, வரி பாக்கி போன்ற வில்லங்கங்கள் உள்ளனவா. முந்தைய உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டார்களா, அவர்களில் வயது வராதவர் உண்டா. அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்கப்படுகிறதென்றால் அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பவற்றைக் கேளுங்கள். சாதாரண அதிகாரப் பத்திரம் கொடுத்தவரின் இறப்போடு முடிந்துவிடுவதால் கடைசிக் கேள்வி சிறியதன்று. அனுமதி பெற்ற வரைபடத்துக்கும் எழும்பியிருக்கும் கட்டடத்துக்கும் வேறுபாடு இருந்தால் பின்னாளில் இடிப்பு அறிவிப்போ அபராதமோ உங்கள் பெயருக்குத்தான் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் விதிகளைக் கட்டாயம் படியுங்கள்: வாடகைக்கு விடுவதற்கே கட்டுப்பாடு உண்டா, நாள்வாடகைக்கு விடத் தடை உண்டா, பெரும் பழுதுக்கான பொதுநிதியில் பணம் இருக்கிறதா? பொதுநிதி வற்றிய கட்டடத்தில் மலிவாகக் கிடைக்கும் வீட்டின் மீதி விலையை அடுத்த மின்தூக்கிப் பழுதின்போது நீங்களே கட்டுவீர்கள்.

ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் வீட்டை வாங்கினால், பெரும்பாலான இடங்களில் அவருடைய ஒப்பந்தமும் உங்களோடு தொடரும். அவர் கொடுத்த முன்பணம் எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது என்பதை அவருடைய வாயாலும் எழுத்தாலும் கேட்டறியாமல் கிரயத்தை முடிக்கக் கூடாது.

4. கட்டடத்தைப் பார்த்தல்

வெயில் நாளில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். ஓர் அறையின் ஒரு மூலைக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடிக்கப்பட்டிருந்தால் அங்கே ஈரம் ஒளிந்திருக்கக்கூடும். பூச்சில் தெரியும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தது. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடி, அகலமும் காட்டும் விரிசல் அடித்தளம் இறங்குவதைக் குறிக்கலாம்; அதைப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும். கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அழகுக்குறை என்று விட்டுவிடாதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகி, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பூசி மறைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

பழைய கட்டடங்களில் மேலும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, ஈயம் கலந்த வண்ணப்பூச்சு. அமெரிக்காவில் வீடுகளுக்கு இது 1978-இல் தடை செய்யப்பட்டது, பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் பின்னரே கட்டுப்பாடு வந்தது. உரிந்து விழும் அந்தப் பூச்சு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மற்றொன்று கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), தொடாமல் இருக்கும் வரை பெரிதும் அடங்கிக் கிடக்கும், துளையிட்டாலோ அறுத்தாலோ அதன் இழைகள் நுரையீரலுக்குள் செல்லும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்காமல் புதுப்பிப்பு வேலையைத் தொடங்க வேண்டாம்.

5. காப்பீடு

இரண்டு செய்திகள் போதும். கட்டடத்தை மறுபடி கட்டி எழுப்ப ஆகும் செலவுக்கே காப்பீடு எடுக்க வேண்டும்; சந்தை விலையில் நிலத்தின் விலையும் சேர்ந்திருக்கிறது, நிலம் எரிவதில்லை. மறுகட்டுமானச் செலவில் பாதிக்கு மட்டும் காப்பீடு எடுத்தவருக்குச் சிறு சேதத்துக்கும் பாதித் தொகையே கிடைக்கும்படி பல ஒப்பந்தங்களில் விதி உண்டு. அடுத்து, வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் பாதுகாப்பைக் குறைக்கும் விதியும் பரவலாக உண்டு. வீடு காலியாகும்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.

6. குடிவருபவரைத் தேர்ந்தெடுத்தல்

உரிமையாளரின் கவலைகளில் பாதி இந்த ஒரு முடிவைச் சார்ந்தவை. மூன்று செய்திகளைச் சரிபார்த்தால் போதும். அந்த மூன்றையும் எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே வகையில் கேட்க வேண்டும். அடையாளம் உண்மையா? வருமானம் வாடகையைத் தாங்குமா? முந்தைய வீட்டில் எப்படி இருந்தார்? வாடகை, வருமானத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் ஒரு மருத்துவச் செலவோ வேலை மாற்றமோ வந்தவுடன் பாக்கி விழும் வாய்ப்பு அதிகம். முந்தைய வீடு பற்றிக் கேட்கும்போது இப்போதைய உரிமையாளரின் நற்சான்றை மட்டும் நம்ப வேண்டாம்; தொல்லை தருபவரைக் கைகழுவ நினைப்பவரும் தாராளமாகப் புகழ்வார். அதற்கு முந்தைய உரிமையாளருக்கு இதில் இலாபநட்டம் ஏதும் இல்லை, அவர் சொல்லே எடைமிக்கது.

இனம், சமயம், பிறந்த நாடு, பாலினம், உடற்குறை, குழந்தைகள் இருப்பது ஆகியவற்றை வைத்து மறுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். அமெரிக்காவில் 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், சமயம், பூர்விக நாடு ஆகியவற்றோடு தொடங்கி, 1974-இல் பாலினத்தையும், 1988-இல் உடற்குறையையும் குழந்தைகளுடன் வாழ்வதையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் தடுக்காத இடங்களிலும் இது கெட்ட வணிகமே. வாடகை தவறாமல் கட்டும் பண்புக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மறுத்தவர்களுக்கு என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள் என்பதை ஒரு வரியாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஒப்பந்தம்

தெரிந்தவர், உறவினர் என்பதற்காக வாய்ப்பேச்சில் குடிவைப்பதே பெருந்தவறு. நினைவு இருவரிடத்தில் இருவேறாக மாறுவதால் உறவும் கெடுகிறது, வீடும் கெடுகிறது. யார் யார் குடியிருப்பார்கள், வாடகை எந்தத் தேதிக்குள் எந்த வழியில் செலுத்தப்படும், தாமதத்துக்கு என்ன, தண்ணீர், மின்சாரம், சங்கக் கட்டணம் யார் பொறுப்பு, எந்தப் பழுது யாருடையது, உள்வாடகைக்கு விடலாமா, வாடகை எப்போது எந்த அளவில் உயரும், இரு தரப்புக்கும் காலி செய்யும் அறிவிப்புக் காலம் எவ்வளவு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பழுது பற்றிய விதியைப் பொதுவாக எழுதாமல் பெயர் சொல்லி எழுதுங்கள்: "சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு" என்ற வரி சண்டைக்கு விதை, "மின்விளக்கு, குழாய் வாசர், அடைபட்ட கழுவுதொட்டி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு, சுவருக்குள் உள்ள குழாய், மின்கம்பி, கூரை, நீர்மோட்டார் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு" என்ற வரி சண்டையை முடித்துவைக்கும். சட்டம் குடியிருப்பவருக்குத் தந்துள்ள உரிமையை ஒப்பந்தத்தில் பறித்து எழுதினாலும் நீதிமன்றத்தில் அந்த வரி நிற்பதில்லை.

8. முன்பணமும் சாவியும்

எவ்வளவு முன்பணம் வாங்கலாம் என்பதைப் பல இடங்களில் சட்டமே சொல்கிறது. ஜெர்மனியில் இதர கட்டணங்கள் சேராத மூன்று மாத வாடகையே உச்சவரம்பு, அதையும் குடியிருப்பவர் மூன்று தவணைகளில் செலுத்தலாம். இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை. அந்தத் தொகையை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும். பிரான்சில் அறைகலன் இல்லாத வீட்டுக்கு ஒரு மாதம், உள்ள வீட்டுக்கு இரண்டு மாதம். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். எந்த நாட்டிலும் முன்பணம் உரிமையாளரின் வருமானம் ஆகாது. அதை எடுத்து வேறு கடனை அடைத்துவிட்டு, காலி செய்யும் நாளில் புதிதாக வருபவரிடம் வாங்கித் தரலாம் என்று நினைப்பவர்களாலேயே இதில் பெரும்பாலான மனக்கசப்புகள் வருகின்றன.

சாவி கொடுக்கும் நாளில் அறை அறையாக, இருவரும் சேர்ந்து நின்று, நிலைப்பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். சுவர், தரை, கதவு, சன்னல், குழாய், மின்பொருத்துகள், அறைகலன்கள் எந்த நிலையில் உள்ளன, மின்சார மீட்டரும் தண்ணீர் மீட்டரும் எந்த எண்ணில் நிற்கின்றன, எத்தனை சாவிகள் கொடுக்கப்பட்டன என்று எழுதி, தேதியிட்ட படங்களோடு இருவரும் கையெழுத்திட வேண்டும். இது அரை நாள் வேலை. முன்பணப் பூசல்களில் பெரும்பகுதி இந்த அரை நாள் இல்லாததால் வருபவை.

காலி செய்யும்போது எதற்குப் பிடித்துக்கொள்ளலாம்? இயல்பான தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது என்பது ஏறத்தாழ எல்லா இடங்களிலும் உள்ள விதி. வெயிலில் வெளுத்த வண்ணம், நடந்து தேய்ந்த தரை, படம் மாட்டிய சிறு ஆணித்துளை ஆகியவை தேய்மானம். உடைந்த கண்ணாடி, தீப்பட்ட மேடை, அனுமதியில்லாமல் இடித்த தடுப்பு ஆகியவை சேதம். சேதத்துக்கும் முழு விலை கேட்க முடியாது. ஐந்தாண்டு தாங்கும் வண்ணம் அடித்து மூன்றாண்டு கழிந்த சுவரில் அழிக்க முடியாத கறை இருந்தால், மீண்டும் அடிக்கும் செலவில் ஐந்தில் இரண்டு பங்கே அவருடைய பொறுப்பு. மீதி மூன்று பங்கின் பயனை வாடகையாக நீங்கள் ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள். இந்தக் கணக்கை ரசீதோடு எழுதிக் கொடுத்தால் ஏற்காதவர்கள் குறைவு.

9. பழுதும் உள்ளே நுழைவதும்

பழுது பற்றிய புகார் வந்தால் எழுத்தில் பெற்று, எழுத்தில் விடை தாருங்கள். எரிவாயு மணம், தண்ணீர்க் குழாய் வெடிப்பு, மின்தீப்பொறி, பூட்ட முடியாத வாசற்கதவு ஆகியவை அன்றே கவனிக்க வேண்டியவை. ஒழுக்கைத் தள்ளிப்போடுவது எப்போதுமே கூடுதல் செலவில் முடியும். உள்ளே காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை படரும், அதன்பின் பழுது சுகாதாரப் பிரச்சினையாகி வழக்கறிஞரிடம் போகும். "அவர் சன்னலைத் திறப்பதில்லை" என்று பழி போடும் முன் சுவருக்குள் கசிவு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்.

புகையுணர்வுக் கருவிகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எரிவாயு, விறகு, எண்ணெய் எதையாவது எரிக்கும் கருவி இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு உணர்வியும் தேவை, ஏனெனில் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீடு சில வாரம் பூட்டிக் கிடந்திருந்தால் புதியவர் வரும் முன் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்து விடுங்கள். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தேங்கிய நீரில்தான் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது.

சொந்த வீடே ஆனாலும், வாடகைக்கு விட்ட பின் அது இன்னொருவரின் இல்லம். அவசரம் தவிர மற்ற நேரங்களில் முன்கூட்டிச் சொல்லி, ஒப்புதல் பெற்று, தகுந்த நேரத்தில்தான் உள்ளே செல்ல வேண்டும். பல நாடுகளில் 24 மணிநேர முன்னறிவிப்பு எழுதப்பட்ட விதி. மாற்றுச்சாவி இருப்பது அனுமதி ஆகாது.

10. வாடகை வராதபோது

முதல் நாளே கேளுங்கள், மரியாதையாக, எழுத்தில். "பெரிய மனிதர், தந்துவிடுவார்" என்று இரண்டு மாதம் காத்திருந்தபின் கேட்கும் தொகை அவராலும் ஒரே தவணையில் தர முடியாத தொகையாகிவிடும். காரணம் உண்மையான இடர் என்றால் தவணைத் திட்டம் ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல குடித்தனக்காரரை ஒரு மாத நெருக்கடிக்காக இழப்பது, முதல் பகுதியில் பார்த்த காலி மாதக் கணக்கின்படியே நட்டம். திட்டமும் தவறினால் சட்டம் கேட்கும் வடிவில், சட்டம் கேட்கும் கால அவகாசத்தோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும். தேதியில் ஒரு நாள் பிழை இருந்தாலும் முதலிலிருந்து தொடங்க நேரலாம். அறிவிப்புக்குப் பிறகு பகுதித் தொகையை வாங்கினால் அறிவிப்பே செல்லாது போகும் இடங்களும் உண்டு. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டை மாற்றுவது, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது, பொருள்களை வெளியே எடுத்து வைப்பது ஆகியவற்றைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் தடுக்கிறது. பாக்கி வைத்தவர் அவர் என்றாலும் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள். வாங்க வேண்டிய வாடகையை விடக் கொடுக்க வேண்டிய இழப்பீடு பெரிதாகலாம். வழக்கு நீளும் என்று தெரிந்தால், குறித்த நாளில் வீட்டை ஒப்படைத்தால் பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாக எழுதி முடிப்பது சிலருக்குக் கோழைத்தனமாகத் தோன்றும். ஆறு மாத வாடகையையும் வழக்குச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் அது அப்படித் தோன்றாது.

11. வாடகை உயர்வு

ஒப்பந்தத்தில் எழுதிய அளவில், ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்துவதே நல்லது. ஐந்தாண்டு வாளாவிருந்துவிட்டு ஒரேயடியாக உயர்த்தினால் குடியிருப்பவர் வேறு வீடு தேடத் தொடங்குவார். வாடகைக் கட்டுப்பாடு உள்ள நகரங்களில் சட்டத்தின் போக்கையும் கவனிக்க வேண்டும். பெர்லின் நகரம் 2020 பிப்ரவரியில் வாடகை உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் அது செல்லாது என்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் அறிவித்தது. குறைத்துக் கட்டிய வாடகையின் வேறுபாட்டைப் பலர் திரும்பக் கட்ட நேர்ந்தது.

12. கணக்கும் வரியும்

சொத்து ஒன்றுக்கு வங்கிக் கணக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் தேட வேண்டியதில்லை. வரியில் அடிக்கடி வரும் குழப்பங்கள் இரண்டு. தவணையில் வட்டிக்கும் அசலுக்கும் வெவ்வேறு விதி, அசல் செலவாகாது. பழுது நீக்கலுக்கும் மேம்பாட்டுக்கும் வெவ்வேறு விதி. உடைந்த சன்னலை மாற்றுவது பெரும்பாலும் அந்த ஆண்டின் செலவு, புதிதாக ஓர் அறை கட்டுவது சொத்தின் அடக்கவிலையோடு சேரும். தேய்மானக் கழிவு அனுமதிக்கப்படும் நாடுகளில் அது கட்டடத்துக்கு மட்டுமே, நிலத்துக்கு இல்லை. அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடத்தின் அடக்கவிலையை 27.5 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்கிறார்கள். விதிகள் நடுவழியிலும் மாறும்: பிரிட்டனில் தனிநபர் உரிமையாளர்கள் கடன் வட்டியை முழுமையாகக் கழித்துவந்தனர், 2017 முதல் 2020 வரை படிப்படியாக அது நீக்கப்பட்டு, 20 விழுக்காட்டு வரிச்சலுகையாகச் சுருங்கியது. வரிச்சலுகை இருந்தால்தான் இலாபம் என்ற சொத்தை வாங்குவது பற்றி இருமுறை யோசிக்கலாம்.

13. வைத்திருப்பதா, விற்பதா?

ஆண்டுக்கு ஒருமுறை முதல் பகுதியின் கணக்கை மறுபடி போடுங்கள். ஆனால் நீங்கள் வாங்கிய விலைக்குப் பதிலாக, விற்றால் இன்று கைக்கு வரும் தொகையால் நிகர வாடகையை வகுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விலையில் பார்த்தால் 10 விழுக்காடு தரும் வீடு, இன்றைய விலையில் 3 விழுக்காடு மட்டுமே தருவதாக இருக்கலாம். பெரும் பழுது நெருங்கும் ஆண்டிலும், கடன் வட்டி மாறும் ஆண்டிலும் இந்தக் கணக்கு கூடுதல் முக்கியம் பெறும்.

குடியிருப்பவரோடு சேர்த்து விற்பதானால் வீட்டைக் காட்ட வரும் நாள்களை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மனம் கசந்தவர் குடியிருக்கும் வீட்டுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. கிரய நாளில் ஒப்பந்தத்தின் மூலப்படி, நிலைப்பட்டியல், சாவிகள், அந்த மாத வாடகையில் நாள்கணக்கில் சேரும் பங்கு, முன்பணம் முழுவதும் ஆகியவற்றைப் புதிய உரிமையாளரிடம் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். அதே நாளில் குடியிருப்பவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்: முன்பணம் யாரிடம் மாற்றப்பட்டது, அடுத்த மாத வாடகையை யாருக்கு எப்படிச் செலுத்த வேண்டும், பழுதுக்கு யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி, அதன் படியை இரு உரிமையாளரும் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பத்திரம், மேம்பாட்டு ரசீதுகள், கடன் அறிக்கைகள் அடங்கிய கோப்பை மட்டும் விற்றவுடன் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூலதன ஆதாய வரிக்கான கேள்வி விற்று ஆண்டுகள் சில கழிந்தும் வரலாம்.